படிகப் புணரியல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் முன்னே பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் அதில் எட்டுச் செய்தி வேண்டும் என்பது மரபு. முதலாவது ஆக்கியோன் பெயர். அடக்கம் கருதி அது விடப்பட்டது. வழி: வேதியியலார் கண்டதை எடுத்துக்கொண்டு இலக்கணப் புலவர் குரலில் சொல்வதால் இது வழிநூல். எல்லை: வடக்கே மருந்துக்கடை அலமாரி, தெற்கே இரைப்பை, மற்ற இரு திசையிலும் காப்புரிமை வக்கீல்கள். நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு: தொகுத்தும் விரித்தும் சொன்னது. நுதலிய பொருள்: ஒரு மருந்து மூலக்கூறும் வேறொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து ஒரே படிகத்தில் அமர்வதும், அவற்றை அப்படி அமர்த்துவதும். கேட்போர்: அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கி, அத்தோடு மறந்துவிடுகிறவர். பயன்: இதைப் படித்தால் தலைவலி தீராது, தலைவலி மாத்திரைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியும்.

1. பெயர்

மருந்தும் துணையும் மாறா அளவில்
ஒருபடி கத்துள் ஒருங்குடன் உறைவது
இணைப்படிகம் என இயம்பப் படுமே.

என்பது நூற்பா. இதனால் சொல்லியது யாதெனின், இணைப்படிகத்தின் இலக்கணம். ‘மாறா அளவில்’ என்றதனால் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று எனக் கணக்கு நிலையாக இருக்க வேண்டும் என்பது பெறப்பட்டது. ‘ஒருபடிகத்துள்’ என்றதனால் இரண்டு பொடிகளைக் கலக்கி வைத்தது இணைப்படிகம் ஆகாது என்க.

படிகத்துக்குள் இன்னொருவரைக் குடிவைக்க வேண்டிய தேவை என்ன எனின், கூறுதும். 1995-இல் கோர்டன் அமிடான் என்பாரும் உடனுழைத்தோரும் வாய்வழி மருந்துகளை நான்காகப் பகுத்தனர். அவற்றுள் இரண்டாம் வகை, குடற்சுவரைத் தாண்டத் தெரிந்தது, தண்ணீரில் கரையத் தெரியாதது. கரையாத மருந்து உடலில் சேராமலே வெளியேறிவிடும். மூலக்கூற்றைத் திருத்தலாமே எனின், ஓர் அணுவை மாற்றினாலும் அது வேறு மருந்து. சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஆளை மாற்றாமல், அவர் அடுக்கி நிற்கும் வரிசையை மாற்றுகிறார்கள்.

இணைப்படிகம் புதிதும் அன்று. 1844-இல் ஃபிரெடரிக் வோலர் குயினோனையும் ஹைட்ரோகுயினோனையும் சேர்த்து, உலோக மினுக்கோடு கூடிய கரும்பச்சைப் படிகம் ஒன்றைப் பெற்றார். குயின்ஹைட்ரோன் எனப்படும் அதுவே இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1963-இல் கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் அடினின், தைமின் ஆகியவற்றின் மெத்தில் வடிவங்களைச் சேர்த்துப் படிகமாக்கி, அவை எதிர்பாராத முறையில் இணைந்திருப்பதை விரிவாக எழுதினார், டி.என்.ஏ. பாடத்தில் இன்றும் அவர் பெயரால் ஓர் இணைவு வழங்குகிறது. வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது.

2. உருபு

தருநர் பெறுநர் இருவரும் நெருங்க
இடைநின்று நீரியம் இருபால் பற்றும்;
உடையினும் மீளும் உறவதன் இயல்பே.

இது இரண்டு சொற்களை இணைக்கும் உருபுபோல், இரண்டு மூலக்கூறுகளை இணைக்கும் பொருள் இன்னதென்கிறது. நீரியம் எனினும் ஹைட்ரஜன் எனினும் ஒக்கும். நைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ கட்டுண்ட ஹைட்ரஜன், எதிரே இன்னொரு நைட்ரஜனோ ஆக்சிஜனோ வந்தால் அதன் பக்கமும் சாயும். முன்னது தருநர், பின்னது பெறுநர்.

கார்பனும் கார்பனும் கொண்ட பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 83 கிலோகலோரி வேண்டும். நடுத்தர ஹைட்ரஜன் பிணைப்புக்கு 4 முதல் 15 கிலோகலோரி போதும். முன்னது தையல், பின்னது ஊக்கு: கடையில் தொங்கும்வரை துணி நழுவாது, வேண்டும்போது துணி கிழியாமல் கழற்றிவிடலாம். மருந்துக்கு வேண்டியதும் இதுவே. குப்பிக்குள் குலையக் கூடாது. வயிற்றுக்குள் போனால் குலைய வேண்டும். இந்த ஒரு வரியை மறவாது கொள்க. நூலின் மீதிப் பகுதி இதற்கு உரையே.

உருபு மயங்காமல் இருக்க விதி செய்தவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மார்கரெட் எட்டர். அவர் விதிகளுள் தலையாயவை மூன்று. நல்ல தருநரும் நல்ல பெறுநரும் சும்மா இரார், எவரையேனும் பற்றுவர் என்பது ஒன்று. தன் மூலக்கூற்றுக்குள்ளேயே ஆறணு வளையமாகச் சேர வாய்ப்பிருந்தால் வெளியாரைத் தேடுமுன் அதை முடித்துக்கொள்வர் என்பது இரண்டு. எஞ்சியோருள் சிறந்த தருநர் சிறந்த பெறுநரோடு சேர்வர் என்பது மூன்று. இவ்வமைப்புகளைச் சங்கிலி, வளையம், இரட்டை, தன்னுட்பிணைப்பு என நான்காகப் பெயரிட்டு எழுதும் குறியீட்டை அவர் 1990-இல் விளக்கினார்.

1952-இல் சென்னையில் பிறந்த கௌதம் தேசிராஜு, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1995-இல் இன்னொன்று சொன்னார். படிகத்தைப் பார்க்கும்போது முழு மூலக்கூற்றைப் பார்த்து மலைக்க வேண்டாம். மீண்டும் மீண்டும் வரும் பிணைப்புத் துண்டுகளைப் பாருங்கள் என்றார். அமிலமும் அமிலமும், அமிலமும் அமைடும், அமிலமும் பிரிடினும் எனச் சில சேர்க்கைகள் ஆயிரக்கணக்கான படிகங்களில் அச்சடித்தாற்போல் வருகின்றன. அத்துண்டுகளுக்கு சின்தான் என்று பெயர். ஆயிரக்கணக்கான என்றது மிகையன்று. ஓல்கா கென்னார்ட் 1965-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய படிகக் கட்டமைப்புத் தரவகத்தில் 2019-இல் பத்து லட்சமாவது கட்டமைப்பு சேர்ந்தது. எவர் எவரோடு சேர்வார் என்பதை ஊகிக்க அத்தனை சான்று கையில் உண்டு.

3. வகை

இயல்பே தோன்றல் திரிதல் கெடுதல்
மயக்கம் பகையென வகையா றாகும்.

என்றது பன்மூலக்கூறுப் படிகங்களின் பாகுபாடு. முதல் நான்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவையே. பின்னிரண்டும் இந்நூலாசிரியர் துணிந்து சேர்த்தவை.

இயல்பு. வாழையும் மரமும் சேர்ந்து வாழைமரம் ஆகும்போது எழுத்து எதுவும் மாறுவதில்லை. அதுபோல் இருவரும் தத்தம் அணுக்களோடு அப்படியே நின்று, ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் சேர்வது இயல்புப் புணர்ச்சி. சிறப்புடைய இணைப்படிகம் இதுவே.

எடுத்துக்காட்டு வருமாறு. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின் என்னும் மருந்தின் ஓரத்தில் ஓர் அமைடு தொகுதி உண்டு. தனியே படிகமானால் இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிர் நின்று, இதன் ஹைட்ரஜனை அதன் ஆக்சிஜனுக்கும் அதன் ஹைட்ரஜனை இதன் ஆக்சிஜனுக்கும் நீட்டுகின்றன. ஹைட்ரஜன், நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் எனப் பக்கத்துக்கு நான்காக எட்டணு வளையம் ஒன்று உண்டாகும். அமைடில் இரண்டு ஹைட்ரஜன் உண்டு. ஒன்று வளையத்துக்குப் போக மற்றது வெளியே வேலையில்லாமல் நிற்கிறது. ஆக்சிஜனிலும் இன்னோர் இடம் காலி. இந்தக் காலியிடத்தில் சாக்கரின் வந்து உட்காருகிறது. தன் நைட்ரஜனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை மருந்தின் ஆக்சிஜனுக்குக் கொடுத்து, மருந்தின் வேலையற்ற ஹைட்ரஜனைத் தன் சல்ஃபோனில் உள்ள ஆக்சிஜனில் வாங்கிக்கொள்கிறது. வளையம் உடையவே இல்லை. அசெட்டிக் அமிலமோ வளையத்தை உடைத்து, பாதியை வெளியே தள்ளி, அந்த இடத்தில் தானே அமர்கிறது. இரண்டையும் 2003-இல் மைக்கேல் ஜவரோட்கோவின் குழு வெளியிட்டது. விருந்தினர் திண்ணையில் தங்கும் வகை, உள்ளே புகுந்து வீட்டாரைப் பிரிக்கும் வகை என இரண்டு உண்டு என்பது இதனால் அறியப்படும்.

இன்னொன்று. காஃபீனில் நல்ல தருநர் எவரும் இல்லை. நைட்ரஜன்கள் நான்கில் மூன்று மெத்திலால் மூடப்பட்டவை, நான்காவதிலும் ஹைட்ரஜன் இல்லை. ஆகவே ஈரக்காற்றில் அது தண்ணீரை உள்ளே சேர்த்துக்கொள்ளும். இரண்டு காஃபீனுக்கு ஓர் ஆக்சாலிக் அமிலம் என்று சேர்த்தபோது, 98 விழுக்காடு ஈரப்பதத்தில் ஏழு வாரம் வைத்தும் மாறவில்லை என்று 2005-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் காட்டினர். பாராசிட்டமாலுக்கு வேறு குறை. அதன் வழக்கமான படிகத்தில் அடுக்குகள் வளைந்து நெளிந்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்வதால், அழுத்தினால் வழுக்காமல் பொடிகிறது. மாத்திரையாக நிற்கப் பசை சேர்க்க வேண்டும். ஆக்சாலிக் அமிலம், தியோஃபிலின் முதலியவற்றோடு சேர்த்தபோது அடுக்குகள் தட்டையாகி, அழுத்தத்துக்கு இசைந்தன. கரைதிறன் மட்டுமே பயன் என்று கருதற்க.

கடைக்கு வந்தவையும் உள. சர்க்கரை நோய்க்கான இப்ராகிளிஃப்ளோசின், புரோலின் என்னும் அமினோ அமிலத்தோடு சேர்ந்து 2014-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. எர்டுகிளிஃப்ளோசின், பைரோகுளுட்டாமிக் அமிலத்தோடு சேர்ந்து 2017-இல் அமெரிக்காவில் வந்தது.

தோன்றல். வாழைப்பழத்தில் நடுவே ‘ப்’ தோன்றுவதுபோல், அழையாமல் தண்ணீர் வந்து நிற்பது. அமாக்சிசிலின் டிரைஹைட்ரேட் என்று அட்டையில் படித்திருப்பீர்கள்; மருந்து ஒன்றுக்கு மூன்று நீர் என்பது பொருள். டாபாகிளிஃப்ளோசினில் புரோப்பேன்டையால் ஒன்றும் நீர் ஒன்றுமாக இரண்டு விருந்தினர். நீர் தருநராகவும் பெறுநராகவும் இருக்கவல்லது. அதனால் எந்த வீட்டிலும் அதற்கு இடம் கிடைக்கும். வந்தது நல்லதோ எனின், சிலபோது அன்று. கார்பமசெபின் மாத்திரையை ஈரமான இடத்தில் வைத்தால் டைஹைட்ரேட்டாகி, இறுகி, கரையத் தயங்கும். அதனால்தான் அதை ஈரம் படாமல் வைக்கச் சொல்கிறார்கள்.

திரிதல். பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து வேறாகிறது. அதுபோல் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானைப் பழைய வீட்டில் விட்டுவிட்டு, புரோட்டானாக எதிர்வீட்டுக்கே குடிபோய்விட்டால் திரிபு. ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின், பெயர் உப்பு. மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடும் அம்லோடிபின் பெசிலேட்டும் இவ்வகை. பெயரின் இரண்டாம் பாதியைக் கண்டு கொள்க.

கெடுதல். மரவேரில் ‘ம்’ கெட்டதுபோல், இருந்த நீர் வெளியேறுவது. தியோஃபிலின் மோனோஹைட்ரேட்டை உலர்த்தினால் நீர் போகும். போன இடம் வெறுமையாக நிற்காது, படிகமே வேறு வரிசைக்கு மாறும். மருந்தாலையில் உலர்த்தியின் வெப்பத்தை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது இதற்கே.

மயக்கம். உப்பும் இணையும் கலந்து வருவது. ஃப்ளுவாக்செட்டின் ஹைட்ரோகுளோரைடு ஏற்கெனவே உப்பு. அதன் குளோரைடுக்கு இன்னும் பெறும் ஆற்றல் மிச்சம் இருப்பதைக் கண்டு, பென்சோயிக், சக்சினிக், ஃபியூமாரிக் அமிலங்களை அதனோடு சேர்த்தனர். இது 2004-இல் வெளியானது. வால்ப்ரோயிக் அமிலமோ எண்ணெய், அதன் சோடிய உப்போ ஈரம் குடிப்பது; இரண்டையும் சமமாகச் சேர்த்தால் ஒழுங்கான திடப்பொருள். டைவால்ப்ரோயக்ஸ் என்று வலிப்புக்கு விற்கும் மருந்து அதுவே. 2015-இல் இதயச் செயலிழப்புக்கு அனுமதி பெற்ற என்ட்ரெஸ்டோவில் சாக்குபிட்ரில், வால்சார்ட்டன் என இரண்டு மருந்து, சோடியம், நீர் எல்லாம் ஒரே படிகத்தில். அதன் அடிப்படை அலகை எண்ணினால் ஆறு சாக்குபிட்ரில், ஆறு வால்சார்ட்டன், பதினெட்டுச் சோடியம், பதினைந்து நீர். கூட்டுக் குடும்பம் என்பதற்கு இதனினும் மேற்கோள் வேண்டா. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செக்லென்டிஸ், டிராமடால் ஹைட்ரோகுளோரைடும் செலிகாக்சிபும் சேர்ந்த வலிநிவாரணி.

பகை. 2007-இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. கலப்படத் தீவனத்தில் மெலமின், சயனூரிக் அமிலம் இரண்டும் இருந்தன. தனித்தனியே இவற்றின் நச்சுத்தன்மை குறைவு. சிறுநீரகத்தில் சந்தித்தபோது, ஒரு பக்கத்துக்கு மூன்று ஹைட்ரஜன் பிணைப்பு வீதம் இறுகப் பற்றி, ஓடு பதித்ததுபோல் தட்டையாகப் படர்ந்து, கரையாத படிகமாகிக் குழாய்களை அடைத்துவிட்டன. எட்டர் விதிப்படி பார்த்தால் அப்பழுக்கற்ற புணர்ச்சி. தருநர் அனைவரும் தந்தனர், பெறுநர் அனைவரும் பெற்றனர், எவரும் விடவில்லை. அதுவே கேடு.

4. துணைவன்

உண்ணத் தகுவதும் ஒட்டத் தகுவதும்
எண்ணில் துணைவற்கு இலக்கணம் இரண்டே.

துணைவன் என்றது மருந்தோடு சேரும் மற்ற மூலக்கூற்றை. உண்ணத் தகுவது முதலில் வைக்கப்பட்டது, எவ்வளவு அழகாக ஒட்டினும் நஞ்சானால் பயனின்மையின். ஆகவே உணவில் சேர்க்கத் தகுந்தவை என ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பொருள்களையே முதலில் புரட்டுவர். சக்சினிக் அமிலம், ஆப்பிளின் மாலிக் அமிலம், திராட்சையின் டார்ட்டாரிக் அமிலம், பி3 உயிர்ச்சத்தாகிய நிக்கோட்டினமைடு, சாக்கரின் முதலியோர் இத்துறையில் வேலை ஓயாதவர்கள்.

ஒட்டத் தகுவது யார் என்பதில் ஒரு வழக்கு உண்டு. பூஞ்சை நோய் மருந்தான இட்ராகோனசோல் தண்ணீரில் கரையவே கரையாது என்னும்படி இருப்பது. 2003-இல் வெளியான ஆய்வில் அதை நான்கு கார்பன் நீளமுள்ள இரட்டை அமிலங்களோடு சேர்த்தனர். சக்சினிக் அமிலம் நீட்டி நிமிர்ந்து நடுவே நிற்க, இரு முனையிலும் இரண்டு இட்ராகோனசோல்கள் தங்கள் டிரையசோல் நைட்ரஜனால் பற்றிக்கொண்டன. ஃபியூமாரிக் அமிலமும் இசைந்தது. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனால் கை இரண்டும் ஒரே பக்கம் மடங்கிய மாலியிக் அமிலம் இணைப்படிகம் தரவில்லை. அமில வலிமையில் அது ஃபியூமாரிக்கை விடப் பெரியது. பட்டியலைப் பார்த்துத் தேர்ந்திருந்தால் முதலிடம் அதற்கே. வலிமை போதாது, எட்டும் தூரமும் வேண்டும் என்க. அவ்வாறு அமைந்த இணைப்படிகங்களுள் மாலிக் அமிலத்தோடு சேர்ந்தது, விற்பனையில் இருந்த படிகமல்லாத வடிவத்துக்கு ஈடாகக் கரைந்தது.

5. ஆக்கம்

அரைத்தல் கரைத்தல் உருக்கல் கலக்கல்
உரைத்தநால் வழியும் ஒருகால் பயக்கும்.

கரைத்து மெல்ல ஆவியாக விடுவது பழைய வழி. இரண்டும் ஒரே அளவில் கரையாவிட்டால் குறையக் கரைவது முந்திக்கொண்டு தனியே படிந்துவிடும். கலக்கல் என்றது, முழுதும் கரையாத கூழை நாள்கணக்கில் கலக்கி, நிலைத்த வடிவம் தானே மேலோங்க விடுவது. உருக்கல் வெளிப்படை.

அரைத்தல் சிறப்புடைத்து. இரண்டு பொடிகளையும் கல்வத்தில் இட்டு, எத்தனால் ஒரு சில துளி விட்டு அரைத்தால், உலர அரைத்துப் பெறாததைச் சில நிமிடத்தில் பெறலாம். இன்று கல்வத்துக்குப் பதில் எஃகுக் குண்டுகள் இட்ட அரைகலம் உதறுகிறது, முறை ஒன்றே.

‘ஒருகால்’ என்றது ஏன் எனின், நான்கு வழியிலும் முயன்று பொடிகளை மட்டுமே திரும்பப் பெற்றோர் இவ்வுலகில் பலர். அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை ஆதலின் கணக்கில் வாரார்.

6. ஐயம்

நேர்மின் துகளது நிற்பிடம் நோக்கிப்
பேர்வேறு இடுப பெரியோர், அதுதான்
நில்லா தாயின் பெயரும்நில் லாதே.

நேர்மின் துகள் என்றது புரோட்டானை. இயல்புக்கும் திரிபுக்கும் உள்ள வேறுபாடு முழுதும் அது ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான தொலைவு நகர்ந்ததா இல்லையா என்பதே. ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரை ஆயிரம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. ஹைட்ரஜனிடம் உள்ளது ஒரே எலக்ட்ரான் ஆதலின் எக்ஸ் கதிருக்கு அது சரியாகத் தெரிவதுமில்லை. எனவே அக்கம்பக்கம் விசாரிப்பர். அமிலத் தொகுதியில் கார்பனுக்கும் இரண்டு ஆக்சிஜன்களுக்கும் இடையே உள்ள நீளம் 1.21, 1.31 ஆங்ஸ்ட்ராம் என வேறுபட்டால் புரோட்டான் வீட்டில் இருக்கிறது. இரண்டும் 1.25-ஐ ஒட்டிச் சமமானால் கிளம்பிவிட்டது.

முன்கூட்டி அறிய, அமில கார வலிமையைக் காட்டும் பிகேஏ எண் என்று ஒன்று உண்டு. காரத்தின் எண்ணிலிருந்து அமிலத்தின் எண்ணைக் கழித்து, மூன்றுக்கு மேல் வந்தால் உப்பு, பூச்சியத்துக்குக் கீழ் வந்தால் இணைப்படிகம் என்பது ஆய்வகத்து வழக்கு. இடைப்பட்டவை? அரோரா குரூஸ்-கபேசா 2012-இல் 6,465 படிகங்களை அலசி, இடைப்பட்ட வட்டாரத்தில் வேறுபாடு ஓர் எண் கூடினால் உப்பாகும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடுகிறது என்றார். யூரியாவும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்த படிகத்திலோ, வெப்பநிலை மாற மாறப் புரோட்டான் மெல்ல நகர்வதை 2001-இல் நியூட்ரான் கொண்டு கண்டனர். அது எந்த வகை என்று கேட்டால், எந்த வெப்பநிலையில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இது புலவர் சண்டையாக நின்றிருந்தால் கேடில்லை. 2012-இல் தில்லிக்கு அருகே இந்திய அமெரிக்க அறிஞர்கள் கூடி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு, நீர் போன்ற கரைப்பான் உள்ளே நிற்கும் கரைப்பான் படிகமும் எளிய உப்பும் அல்லாத பன்மூலக்கூறுப் படிகமே இணைப்படிகம் என வரையறுத்தனர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் இணைப்படிகத்தை இடைநிலைப் பொருள் என்றது. அதாவது துணைவனுக்கு மாவு, பசையோடு ஒத்த மதிப்பு. 2018-இல் அதை மாற்றி, கரைப்பான் படிகங்களுக்கு நிகராக மருந்துப்பொருளின் வடிவம் என்று ஏற்றது. பிகேஏ வேறுபாட்டின் எல்லைக் கோட்டை அந்த நிர்வாகம் ஒன்றில் போட்டது. ஆய்வகத்தார் மூன்றில் போட்டிருந்தனர். ஆகவே வேறுபாடு இரண்டு உடைய ஒரு படிகம் ஆய்வகத்தில் ஐயம், அலுவலகத்தில் உப்பு. புரோட்டானுக்குச் சம்மன் அனுப்ப வழியில்லை.

7. புறனடை

சொல்லிய விதிக்குள் சொல்லா தனவும்
இல்லை என்னற்க, இன்றில எனினும்
நாளை வருமே நல்லதும் தீதும்.

எல்லா நூலுக்கும் கடைசியில் புறனடை உண்டு. ஆசிரியர் தப்பித்துக்கொள்ளும் புழைக்கடை அது. இந்நூலுக்கு அது பெரிதும் தேவைப்படுகிறது.

எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் 1996-இல் கடைக்கு வந்தது. ஒரே ஒரு படிக வடிவமே அதற்கு உண்டு என்று கருதப்பட்டது. 1998-இல் அதன் குளிகைகள் கரைதல் சோதனையில் தவறின. உள்ளே, அதுவரை எவரும் கண்டிராத இரண்டாம் வடிவம் முளைத்திருந்தது. அது வந்த ஆய்வகத்தில் பழைய வடிவத்தைப் பெறுவது அரிதாயிற்று. புதியதன் கண்ணுக்குத் தெரியாத துகளே வித்தாகிவிடுகிறது. குளிகையைத் திரும்பப் பெற்று, நோயாளிகளுக்குத் திரவ மருந்து தர வேண்டியதாயிற்று. இங்கே துணைவன் யாரும் இல்லை. மருந்து தன்னோடு தானே புணர்ந்தது. எனினும் இந்நூலுக்கு அது புறம்பன்று. மூலக்கூறு தன் உடலை வசதியில்லாத கோணத்தில் முறுக்கிக்கொண்டு, அதற்கு விலையாகத் தருநர் பெறுநர் அனைவரையும் செம்மையாகப் பிணைத்திருந்தது. விதியை முதல் வடிவத்தை விட நன்றாகப் பின்பற்றியது இரண்டாம் வடிவம். அதனாலேயே கரைய மறுத்தது.

மெலமினும் அவ்வாறே என்பதை நோக்குக. விதி மீறிய புணர்ச்சி கைகூடாமல் போகும். விதியை முற்ற முடித்த புணர்ச்சி கைவிடாமல் போகும். மருந்தாக உதவுவது இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் மனக்குறையோடு சேர்ந்து நிற்பது. எனவே வடிவமைப்பவர் தேட வேண்டியது ஆகச் சிறந்த பிணைப்பை அன்று. கிடங்கின் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கி, முப்பத்தேழு பாகை வெப்பமுள்ள நீரைக் கண்டதும் தளரும் பிணைப்பை.

அற்றேல், செம்மையாகப் புணர்வதைத் தவிர்க்கக் கற்பிக்கும் நூலுக்குப் புணரியல் என்று பெயர் வைத்தது எப்படி எனின், விதி தெரிந்தவருக்கே எங்கே குறைத்து நிறுத்துவது என்பதும் தெரியும் என்பது விடை.

படிகப் புணரியல் முற்றிற்று.